தேதி வெட்டாத கல்

"இறக்குங்க" என்றாள் என் மனைவி.

அப்போது அவள் தரையில் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பாடகர் குழுவின் கனத்த குரல்காரர்கள் இருவருக்கு நடுவே, ஆராதனை மண்டபத்தின் பின்வாசலுக்கும் சந்துக்கும் இடையில் காற்றில் இருந்தாள். ஞாயிறு பிற்பகல். தீபாவளி முடிந்து புகை இறங்கியிருந்த நாட்கள். தொண்டையில் கரியின் ருசி.

"ஒரு நிமிஷம் ஆண்டி, ஹோகயா, ஆச்சு" என்றான் இடப்பக்கம் இருந்தவன். வலப்பக்கம் இருந்தவனுக்குப் பேச மூச்சில்லை.

"இறக்குங்கன்னு சொல்லுதேன். நான் என்ன சப்பரமா?"

இறக்கினார்கள். ஞானம் சேலையைச் சரிசெய்தாள். கைப்பையில் பாட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க உள்ள போங்க. செக்ரட்டரி இல்லாம ஆண்டவர் வரமாட்டாரு" என்று சொல்லிவிட்டு, சந்து முனையில் நின்ற ஈ-ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தாள். அந்த வண்டியின் படி தாழ்வானது. யார் உதவியும் தேவைப்படவில்லை.

உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்தது. ரிக்‌ஷா திரும்பும்போது அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைத் திட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பாட்டின் இரண்டாம் கவியைப் பாடிக்கொண்டு போனாள்.

ஒரு படி குறித்த கடிதப் போக்குவரத்து

நான் மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பக்கங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்பதற்கு விதி உண்டு. அதை எப்படிச் செய்யாமலிருப்பது என்பதற்கும் விதி உண்டு. இரண்டும் எனக்கு மனப்பாடம். இந்தத் தகுதியின் பேரில்தான் எங்கள் தமிழ்ச் சபை என்னைச் செயலராக வைத்திருக்கிறது. பலமுறை விலகல் கடிதம் கொடுத்தும் அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

எங்களுக்குச் சொந்தக் கோயில் கிடையாது. நடு டெல்லியில் ஒரு பழைய ஆங்கிலச் சபை, தன் கோயிலுக்குப் பின்னாலுள்ள மண்டபத்தை ஞாயிறு பிற்பகலில் எங்களுக்கு இரவல் தருகிறது. காலையில் ஆங்கிலம், அதற்குப் பிறகு இந்தி, மத்தியான வெயிலில் தமிழ். முந்தியவர்கள் சாப்பிட்ட சமோசாவின் வாசனையில்தான் நாங்கள் ஆண்டவரைத் துதிக்கத் தொடங்குவோம்.

மத்தியானமானால் முன்கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அந்தச் சாவி வேறு கமிட்டியின் பொறுப்பு. எங்களுக்குப் பின்சந்து, பின்வாசல். அங்கே முன்பு இரண்டு படிகள் இருந்தன. சாக்கடை தோண்ட வந்தவர்கள் அவற்றைத் தற்காலிகமாக எடுத்தார்கள். சாக்கடை மூடப்பட்டது. படிகள் வரவில்லை. வாசல் நிலை முழங்காலுக்கு மேலே நிற்கிறது. இளைஞர்கள் தாவுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் கதவுச் சட்டத்தைப் பிடித்து, ஆமை போல் ஒரு காலை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு மற்றதைப் பிறகு கூப்பிட்டுக்கொள்கிறோம். ஞானத்துக்கு இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டன. மயூர் விஹாரிலிருந்து புறப்பட்டால் மெட்ரோ லிப்ட் ஏற்றிவிடும், இறக்கிவிடும். வழி நெடுக அரசாங்கம் அவளைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. ஆண்டவர் வாசலில்தான் படி இல்லை.

செங்கல் அடுக்கிப் பார்த்தோம். திங்கட்கிழமையே கட்டட இடிபாடு என்று காவலுக்கிருக்கும் சௌக்கிதார் அள்ளிப் போட்டுவிடுவார். பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினோம். அது சபைப் பொருளாளர் பொன்னையாவின் காலடியில் ஒரு ஞாயிறு உயிரைவிட்டது. பொன்னையா கணக்குத் துறையில் ஓய்வு பெற்றவர். விதிகளிலும் உடம்பிலும் கனமானவர்.

ஆகவே ஆங்கிலச் சபைக்கு எழுதினேன். ஒரே ஒரு படி கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும், செலவு எங்களுடையது என்று.

படத்துடன் விண்ணப்பிக்கும்படி பதில் வந்தது. உயரம், அகலம், ஆழம் குறித்து அளவுகோல் வைத்து வரைந்து அனுப்பினேன். படியிலிருந்து எவரேனும் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று அடுத்த பதில். இப்போது படியில்லாமல் விழுகிறவர்களுக்கு யார் பொறுப்போ அவரே என்று எழுதினேன். அது மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கு, கட்டடம் பழமையானது, படியின் நிறம் சுவரோடு இசையுமா என்று கேட்டார்கள்.

நான் இதையெல்லாம் குறை சொல்லவில்லை. உயர்ந்த வேலைத்தரம். என் செக்‌ஷனில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்திருப்பேன்.

அந்தச் சபையின் சொத்துக் கமிட்டியைக் கவனித்துக்கொள்பவர் மேஸி சாப். பஞ்சாபிக் கிறிஸ்தவர், தங்கமான மனிதர். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் கேக் அனுப்புவார். போனில் கூப்பிட்டால் "ஹோ ஜாயேகா, செக்ரட்டரி சாப், ஹோ ஜாயேகா" என்பார். ஆகிவிடும். யாரால், எப்போது என்பதெல்லாம் அதில் இல்லை. டெல்லியில் வந்திறங்கிய வாரத்தில் நான் கற்ற முதல் இந்தி அது. ஓய்வு பெறும்வரை கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் அதையேதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல் வந்த கதை

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நாங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலம். கிழக்கு டெல்லியில் ஒரு கோயில் கட்ட நிலம் கேட்டு சபை விண்ணப்பித்திருந்தது. ஒரு நாள் 'கொள்கையளவில் ஒப்புதல்' வந்தது. வெளியாட்களுக்கு இந்தச் சொல்லின் பொருள் தெரியாது. உள்ளே இருந்த எங்களுக்குத் தெரியும்: இல்லை என்று சொல்வதற்கு இன்னும் வேளை வரவில்லை என்று அர்த்தம். எத்தனையோ பேருக்கு நானே இதைக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் தாள் நம் பெயருக்கு வந்தால் புத்தி வேறு மாதிரி வேலை செய்கிறது. எங்கள் கமிட்டியில் செக்‌ஷன் ஆபீசருக்குக் கீழே ஒருவரும் கிடையாது. அத்தனை பேரும் முத்திரை வைத்த காகிதத்தைப் பார்த்தால் முழங்கால் போடுகிற இனம். நிலத்தை ஒருவரும் பார்க்கவில்லை, வரைபடம் இல்லை, பணம் இல்லை. அஸ்திவாரக் கல்லுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டோம்.

கல்லின் வாசகத்தை அமைச்சரவைக் குறிப்பு மாதிரித் தயாரித்தோம். பேராயர் பெயர் முதலில், ஆயர் பெயர் அடுத்து என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குக் கீழே கமிட்டி உறுப்பினர்களை வரிசைப்படுத்துவதில்தான் சிக்கல். வயதின்படியா, சபையில் சேர்ந்த காலத்தின்படியா, சம்பள விகிதத்தின்படியா? கடைசியில் சம்பள விகிதம் வென்றது. அன்பில் எல்லாரும் சமம், ஆனால் கல்லில் இடம் குறைவு என்றார் அப்போதைய தலைவர்.

தேதிக்கு மட்டும் இடம் விட்டோம். அரசாணையின் நகலில் 'நாள்' என்று அடித்துவிட்டு எதிரே வெறுமையாக விடுவோமே, அப்படி. கல் வெட்டியவர் நாகர்கோயில் பக்கத்து ஆள். "சார், தேதியைச் சொல்லுங்க, சேத்து வெட்டிருதேன்" என்றாராம். பிறகு நிரப்பிக்கொள்ளப்படும் என்று பொன்னையா பதில் சொல்லியிருக்கிறார். டெல்லி ஆட்களுக்குத் தமிழ் எழுத்து வெட்ட வராது என்பதால் ஊரிலேயே செய்து, பொன்னையாவே ரயிலில் கொண்டுவந்தார். தன் பெர்த்துக்குக் கீழே வைத்து, எதிர் சீட்டுக்காரர்கள் செருப்பை அந்தப் பக்கம் விடாதபடி வழி முழுக்கக் காவல் இருந்தாராம்.

கல் செயலர் பொறுப்பில் விடப்பட்டது. செயலரின் குவார்ட்டர்ஸில் அது சுவரோடு சாய்ந்து நின்றது.

நான் ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்தபோது, சோதிக்க வந்த ஜூனியர் இன்ஜினியர் எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கல்லின் முன் நின்றார். இது எந்தச் சுவரிலிருந்து பெயர்த்தது என்று கேட்டார். பெயர்த்தது அல்ல, எங்களுடையது என்றேன். அரசு வீட்டில் கிரானைட் கிடையாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே இது அனுமதியின்றிப் பதித்த கிரானைட், பெயர்த்ததற்கு அபராதம் உண்டு என்றார். எழுத்தைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கோயில் கட்டப்பட்டதைப் பற்றி என்றேன். கோயில் எங்கே என்று கேட்டார்.

அவருக்கு டீ கொடுத்து அனுப்பினோம்.

டெம்போவில் ஏறிக் கல் மயூர் விஹாருக்கு வந்தது. எங்கள் கூட்டுறவு சங்க பிளாட் தரைத்தளம். பின்னால் சின்ன பால்கனி. எழுத்து தேயக்கூடாதென்று குப்புறப் போட்டு, ஈரம் ஏறக்கூடாதென்று செங்கல் அடுக்கின் மேல் வைத்தோம். வைத்த உயரம் ஏர்கூலருக்கு அத்தனை பொருத்தமாக அமைந்துவிட்டது. ஒவ்வொரு கோடையிலும் எங்கள் சபையின் அஸ்திவாரத்தின் மேல் நின்று அந்தக் கூலர் எனக்கு நல்ல காற்று கொடுத்துவந்தது.

நீலம் ஆண்டி

இதற்கிடையில் நிலம், தான் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பலவாறாக மாறியது. ஒருமுறை பார்க்கப் போனபோது எருமைகள் நின்றன. அடுத்த முறை மருந்தகம் வரப்போவதாகப் பலகை. பிறகு பூங்கா. ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபணை எழுதினேன். எருமைகளைத் தவிர மற்ற எல்லாரும் பதில் எழுதினார்கள்.

சபையில் ஒவ்வொரு வாரமும் மன்றாட்டு ஜெபத்தில் நிலத்துக்காக வேண்டிக்கொள்வது வழக்கம். நோயாளிகளுக்குப் பின், பரீட்சை எழுதுகிறவர்களுக்கு முன் என்று அதற்கொரு இடம் நிலைத்துவிட்டது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், ரொம்பப் பெரியவளாகும்வரை அதை நீலம் ஆண்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தாளாம். நீலம் இங்கே பெண்களுக்குச் சர்வசாதாரணமான பெயர். யாரோ ஒரு ஆண்டி வெகுகாலமாகப் படுக்கையில் இருக்கிறார், குணமும் ஆகவில்லை, போகவும் மாட்டேன் என்கிறார் என்று எண்ணி, அவரை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறாள்.

கேட்டு எல்லாரும் சிரித்தோம். என் அபிப்பிராயத்தில், நிலத்துக்காக மனமுருகி ஜெபித்த ஒரே ஆள் அவள்தான்.

கல்லில் பெயர் இருந்த பேராயர் ஓய்வு பெற்றார். அடுத்தவரும் பெற்றார். வரிசையில் இடத்துக்காக வாதாடிய பழைய தலைவர் காலமானார். அவருடைய கல்லறைக் கல்லில் இரண்டு தேதியும் வெட்டியாகிவிட்டது. அந்த ஒரு வேலைதான் எங்கள் சபையில் தாமதமில்லாமல் நடக்கிறது.

"அண்ணாச்சி, செத்தவங்க எந்திரிப்பாங்கன்னு நான் விசுவாசிக்கேன்" என்று பொன்னையா ஒருமுறை சொன்னார். "அந்த நிலத்து பைல் எந்திரிக்கும்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க."

எனக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். மறுமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அங்கே கமிட்டி இல்லை. இம்மைக்கும் அதற்கும் நடுவில் உள்ள இந்தக் காத்திருப்பு அறையில்தான் என் விசுவாசம் நெளிகிறது.

ஞானத்துக்கு அப்படி இல்லை. அவள் பாட்டுக்குக் கேட்பாள், கிடைக்காது, மறுவாரமும் கேட்பாள். இதை நான் ஒருமுறை, நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது போல என்று வர்ணித்தேன். "நினைவூட்ட அவருக்கு மறந்தா போச்சு?" என்று கேட்டாள்.

பேன் தரிசனம்

நாற்காலியிலிருந்து இறங்கிய அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் வரவில்லை. போனில் ஆராதனையைக் காட்ட ஏற்பாடு செய்தோம். கீபோர்டு மேல் ஒரு போனைச் சாய்த்து வைப்பார்கள். அது முதல் பாட்டிலேயே சறுக்கி மல்லாந்துவிடும்.

"இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று திரும்பி வந்து கேட்பேன்.

"நல்லா சுத்துச்சு" என்பாள். ஆராதனை முழுவதும் மண்டபத்தின் சீலிங் பேனைத்தான் பார்த்திருக்கிறாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சனிக்கிழமை மாலைகளில் வெள்ளைச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டு வைக்கிற பழக்கத்தை அவள் விடவில்லை. மறுநாள் அதை உடுத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து போனுக்கு எதிரே பாடுவாள். நாற்காலியில் தூக்குவதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்கவில்லை. அண்டைச் சபைக்குப் போகலாமே, அங்கே சாய்தளம் இருக்கிறது, இந்தி ஆராதனைதான், ஆண்டவருக்கு இந்தியும் தெரியும் என்றேன். "அவருக்குத் தெரியும். எனக்கு இந்தியில காய்கறி வாங்கத்தான் தெரியும், அழத் தெரியாது" என்றாள்.

அன்றிரவு மேஸி சாபுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். நிறம் சுவரோடு இசையும் என்று உறுதியளித்தேன்.

ஒரு முடிவு வந்தது

ஜனவரிப் பனியில் நிலம் ஒதுக்கும் அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. கோரப்பட்ட மனை பொது வாகன நிறுத்தத்துக்கென மாற்றப்பட்டுவிட்டதால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. படித்தேன். நல்ல வரைவு. ஒரு சொல் கூடக் குறையாமல், ஒரு சொல் கூட மிகாமல். யாரோ நன்றாகப் பயிற்சி பெற்ற பையன்.

முடிந்த கோப்பை என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியும். மூடி, கட்டி, பரண். மன்றாட்டு வரிசையிலிருந்து நிலத்தை அடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது கல். மார்க்கெட்டில் இருக்கும் கிரானைட் கடைக்காரரை வரச் சொன்னேன்.

அவர் வந்து கூலரை நகர்த்தி, கல்லைத் தட்டிப் பார்த்தார். புரட்டி எழுத்தைப் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். பின்பக்கம் நன்றாக இருக்கிறது, பாலிஷ் போட்டால் யாராவது அடுப்பு மேடைக்கு எடுப்பார்கள், எழுத்து அடியில் போய்விடும், யாருக்கும் தெரியாது என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. யாரோ ஒரு குப்தாஜியின் வீட்டில், பிரஷர் குக்கருக்குக் கீழே, சம்பள விகிதப்படி எங்கள் பெயர்கள்.

ஞானம் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். "பையா, யே பேச்னா நஹீன் ஹை" என்றாள். விற்பதற்கில்லை. பழையபடி குப்புறப் போட்டுவிட்டுப் போகச் சொன்னாள். போட்டுவிட்டு, டீ நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு அவர் போய்விட்டார்.

"முடிஞ்சு போச்சு, ஞானம்" என்றேன். "எழுத்துல வந்தாச்சு."

"கோயில் இல்லன்னா எழுதியிருக்கு?"

"அந்த இடம் இல்லன்னு."

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள். பிறகு, "ஆமா, அந்தப் படிக்கு படம் போட்டீயளே, என்ன உயரம் போட்டீய?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். ஒரு காலைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மற்றக் காலையும் ஏற்றினாள். கூலர் நின்ற இடத்தில், எங்கள் சபையின் அஸ்திவாரத்தின் மேல், வீட்டுச் செருப்போடு நின்றாள். என்னைவிட உயரமாக இருந்தாள்.

"இந்த உயரம் ஒத்துவருது, அத்தான்" என்றாள்.

ஒரு படிக்காக ஊரெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டு, அந்தப் படியின் மேல் கூலரை வைத்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒரு சபை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. இதற்குப் படிப்பு மட்டும் போதாது. நீண்ட அரசுப்பணி வேண்டும்.

கமிட்டி கூடியது

மண்டபத்தில் கூட்டினால் அவளால் ஏற முடியாது என்பதால் கமிட்டியை எங்கள் வீட்டில் கூட்டினேன். பொன்னையாவுக்குச் செய்தி பிடிக்கவில்லை.

"என் பேர மிதிச்சிக்கிட்டுப் போகவா ரயில்ல ராத்திரியெல்லாம் முழிச்சிக் கொண்டாந்தேன்?"

"வே, உம்ம பேரு அதுல கடைசிக்கு முந்தின வரி. அதுவரைக்கும் யாரு குனிஞ்சு படிக்கப் போறா?" என்றேன்.

"எனக்காகச் சொல்லல அண்ணாச்சி. பேராயர் பேரு இருக்கு. மைனி, நீங்களே சொல்லுங்க, அது மேல கால வைக்கலாமா?"

ஞானம் அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள்: "இப்பம் கிடக்க மாதிரியே குப்புறப் போடுங்க. பேரு மண்ணைப் பாத்துக் கிடக்கட்டும். உள்ள வாறவளுக்குப் பேரா வேணும்? படிதான வேணும்."

எங்கள் ஆயர் இளைஞர். 'கல்' என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் முகம் மலரத் தொடங்கியதைக் கவனித்தேன். கல்லைப் பற்றி வேதத்தில் அவருக்குக் குறைந்தபட்சம் ஒரு நாற்பது நாள் லெந்து காலத்துக்குத் தாங்கும் பிரசங்கங்கள் இருக்கும். அவர் வாய் திறப்பதற்குள் அடுத்த பொருளுக்குப் போனேன்.

பொன்னையா அரைமனதாக இறங்கி வந்தார். எப்படியும் கல் போடத்தானே போகிறோம், அந்த நாளையே தேதியாக வெட்டிவிடலாம், வெறும் இடமாக எத்தனை காலம் விடுவது, கணக்கும் முடியும் என்றார். அவருக்குத் தணிக்கை ஆட்சேபணை என்றால் இன்றும் தூக்கம் வராது. நல்ல யோசனை என்று எல்லாருக்கும் தோன்றியது.

ஞானம் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அந்த நாளு இது இல்ல" என்றாள்.

பொன்னையா முறுக்கை எடுத்துக் கடித்தார். தேதி வெட்டாமலே கல்லைப் போடுவதென்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகப் பதிவு செய்தேன்.

அசையும் சொத்து

அனுமதியின்றிப் படி கட்டலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. கட்டக்கூடாது. ஆனால் சிமெண்ட் வைத்தால்தான் அது கட்டுமானம். சிமெண்ட் இல்லாமல் செங்கல்லின் மேல் கல்லை வைத்தால் அது அசையும் பொருள். மேசை, நாற்காலி, பெஞ்சு இனம். இரவல் மண்டபத்துக்கு நம் நாற்காலியைக் கொண்டுபோக யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கல்லின் கனத்தைப் பார்த்தால் சௌக்கிதாரால் அள்ளிப் போடவும் முடியாது. அகற்றவேண்டுமானால் கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கமிட்டி எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக அதை நினைத்து ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

இலவ மரங்கள் பூ உதிர்க்கும் சமயம். சந்து முழுக்கத் தடித்த சிவப்பு இதழ்கள் மிதிபட்டு வழுவழுத்துக் கிடந்தன. டெம்போவிலிருந்து கல் இறங்கியதைப் பார்த்து சௌக்கிதார் ஓடிவந்தார். இது என்ன என்று கேட்டார்.

"பர்னிச்சர்" என்றேன்.

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன் போட்டார். மறுமுனையில் மேஸி சாப், போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிப் பேசினார். படி கட்டுகிறீர்களாமே என்றார். கட்டவில்லை, எங்கள் சபைக்குச் சொந்தமான அசையும் பொருள் ஒன்றை வாசலருகே வைத்திருக்கிறோம் என்றேன். அனுபவஸ்தர், புரிந்துகொண்டார்.

"அச்சா" என்றார் கடைசியில். கமிட்டி முடிவெடுக்கும்வரை இருக்கட்டும் என்றார்.

நிரந்தர அனுமதிக்கு இதைவிட உறுதியான வாசகத்தை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்ததில்லை.

ஞானம் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினாள். வெள்ளைச் சேலை. பாடகர் குழுப் பையன்கள் பழக்கதோஷத்தில் நெருங்கினார்கள். ஒரு பார்வையில் பின்வாங்கினார்கள். வலதுகையால் கதவுச் சட்டத்தைப் பிடித்தாள். இடதுகையில் பாட்டுப் புத்தகம். ஒரு கால் கல்லின் மேல். கல் டொக் என்று ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மற்றக் கால். பிறகு நிலை. பிறகு உள்ளே.

அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. அவளுடைய பழைய இடத்தில், இரண்டாவது வரிசை ஓரத்தில், அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். பேனை அண்ணாந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள், தெரிந்தவரைப் பார்ப்பது போல.

மன்றாட்டு ஜெபத்தில் நோயாளிகள் வந்தார்கள். அடுத்து பரீட்சை எழுதுகிறவர்கள் வந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

"நிலம்" என்று ஒரு குரல் கேட்டது.

ஆயர் நிறுத்தினார். கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரியும் அது எந்த வரிசை என்று. ஆயர் ஒரு முறை தொண்டையைச் செருமிவிட்டு, நிலத்துக்காகவும் வேண்டிக்கொள்வோம் என்றார். எந்த நிலம் என்று அவர் சொல்லவில்லை. பாவம், அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பின்வரிசையில் நீலம் ஆண்டி வகையறாக்கள் சிரிப்பை அடக்குவது கேட்டது. ஆமென் மட்டும் எப்போதையும்விடச் சத்தமாக வந்தது.

முடிந்து வெளியே வரும்போது கல் மறுபடியும் டொக் என்றது. அவள் கீழே இறங்கி நின்று, திரும்பி அதைப் பார்த்தாள்.

"ஆடுது, அத்தான். அடியில ஒரு அட்டையை மடிச்சி வையுங்க. யாரும் சொன்னாங்கன்னு சிமெண்ட் வச்சிப் பூசிராதீய. நாளைக்கு நம்ம கோயிலுக்கு எடுக்கும்போது மூலை உடைஞ்சிரும்."

சட்டப்படி பூசக்கூடாது என்பதற்கு நான் தயாரித்து வைத்திருந்த காரணம் நெஞ்சோடு நின்றுவிட்டது. அதே முடிவுதான். கோப்பில் என் குறிப்பு ஒரு பக்கம், அவள் குறிப்பு ஒரு பக்கம்.

தடித்த அட்டை வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பரணில் கட்டி வைத்த நிலக் கோப்பின் அட்டை. நல்ல பழைய காலத்து அட்டை, நனைந்தாலும் இளகாது. மறுவாரம் அதை உருவி நாலாக மடித்துக் கல்லுக்கு அடியில் செருகினேன். ஆட்டம் நின்றது.

உள்ளே இருந்த தாள்கள் அத்தனையும் இப்போது உடுப்பில்லாமல் மேசையில் கிடக்கின்றன. பரணில் வைக்கவும் முடியாது, காற்றில் பறக்கும். புது அட்டை வாங்கவேண்டும்.